நாலாவது வேண்டாம்

நன்றி சொல்றதுக்கு வகுப்பு நடத்துவாங்கன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் தலைவெச்சே படுத்திருக்க மாட்டேன். எங்க அண்ணன் சொல்லலை. "காட்டோரம் ஒரு வேட்டை விடுதி. நல்ல காத்து, நல்ல சாப்பாடு. நான் அதுல உறுப்பினர், ஆனா எனக்கு நேரமில்லை. நீயும் மாப்பிள்ளையும் போயிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னார். சும்மா வர்றதை வேண்டாம்னு சொல்ற நிலைமையில நாங்க இல்லை. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆகியிருந்துச்சு.

இவர் அச்சகத்துல பிழை திருத்துறவர். அச்சகத்தையே மூடிட்டாங்க. அதுலேருந்து எங்க அண்ணன் வாராவாரம் வீட்டுக்கு வருவார், டீ குடிப்பார், கிளம்புறப்போ ஒரு நோட்டை நாலா மடிச்சு இவர் சட்டைப் பையில சொருகி, அந்தப் பையை ரெண்டு தட்டு தட்டுவார். இவர் "வேண்டாம் மச்சான்"னு சொல்வார். மூணு தடவை சொல்வார். மூணாவது தடவை குரல் உள்ள போயிடும், நோட்டு பையில இருக்கும். அந்தத் தட்டு இருக்கே, அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா மளிகைக் கடையில போய் என் ரோஷத்தைக் குடுத்துட்டு அரிசி வாங்க முடியுமா?

அப்புறம் கடவுள் கண்ணைத் திறந்தார். வேற ஒரு அச்சகத்துல இவரைக் கூப்பிட்டாங்க. "திங்கட்கிழமை காலையில வந்து சேருங்க. வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்"னு முதலாளி ஃபோன்லயே கறாரா சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம்னு நாங்க கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குல நன்றிக்கு நேரம் ஒதுக்கலை.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். இவருக்கு உள்ளங்கை வியர்க்கும். வெயில்காலம் குளிர்காலம்னு பேதமே கிடையாது. மேஜையில துணி விரிச்சு, கைக்கும் துணி சுத்திக்கிட்டுத்தான் அச்சுத்தாளைத் தொடுவார். கல்யாணத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சப்போ, பாவம் மனுஷன் அழுது கண்ணைத் துடைச்சிருக்கார்போலன்னு நானே தப்பா நினைச்சுக்கிட்டேன்.

விடுதி பெரிய மர வீடு. வாசல்ல ஆள் உயர இரும்புக் கேட்டு. நாங்க உள்ள போனதும் பின்னாடி பூட்டிட்டாங்க. காட்டு மிருகம் வந்துரும்னு பூட்றாங்கன்னு நினைச்சேன். கூடத்துக்குள்ள போனா, சுவர்ல மான் தலை, பன்றித் தலை எதுவும் இல்லை. வரிசையா கை. வெள்ளையா, சுண்ணாம்புல வார்த்த கைகள். மணிக்கட்டு வரைக்கும் சுவர்லேருந்து நீட்டிக்கிட்டு நிக்குது. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் பித்தளைத் தகடு.

"இதெல்லாம் யாரு சுட்ட கை?"ன்னு இவர் என் காதுல கேட்டார்.

"சுட்டவை அல்ல. அன்பளிப்பு தந்தவை"ன்னு பின்னாடிலேருந்து ஒரு குரல். ஒல்லியா, வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு ஒருத்தர். அவர்தான் செயலாளர். பேசறப்போ கண்ணை மூடிக்குவார். எங்களைப் பார்க்கப் பிடிக்காமலா, மனப்பாடம் மறந்துருமோன்னா, கடைசி வரைக்கும் எனக்குப் புரியலை.

"வருக. இது வெறும் விடுதி அன்று. நன்றி நெறிக் கழகத்தின் தலைமையகம். வேட்டை எமக்குச் சாக்கு, நன்றியே எமக்கு நோக்கு. காட்டில் வழிகாட்டும் எளிய பணியாளனுக்கு விருந்தினர் அன்பளிப்பு தரும்போது அவன் மனம் புண்படக் கூடாது. எதனால் புண்படும் என்று அவனிடம் கேட்டாலே புண்படுவான். ஆகவே அவனைக் கேட்காமல் நாங்களே விதிகள் வகுத்திருக்கிறோம்."

"அவருக்குச் சம்பளம் எவ்வளவுங்க?"ன்னு நான் கேட்டேன். பொம்பளை புத்தி, முதல்ல அடுப்பைத்தான் பார்க்கும்.

செயலாளர் கண்ணைத் திறந்தார். "சம்பளமா? சம்பளம் கொடுத்துவிட்டால் நன்றிக்கு எங்கே அம்மா இடம் இருக்கும்?"

வெள்ளிக்கிழமை முழுக்க வகுப்பு. சத்தியமா வகுப்பு. பெஞ்சு, கரும்பலகை எல்லாம் இருந்துச்சு. மேஜை மேல ஒரு மரக் கை. அதோட குலுக்கிப் பழகணும். நோட்டை மடிச்சு உள்ளங்கையில மறைச்சு வெச்சுக்கணும். குலுக்கும்போது சரசரன்னு சத்தம் வரக்கூடாது. பணியாளர் முகத்தைப் பார்க்கக் கூடாது, தொடுவானத்தைப் பார்க்கணும். சுவர் மறைச்சா, சுவருக்குப் பின்னாடி தொடுவானம் இருக்கிறதா பாவிச்சுக்கணும். முகத்துல ஒரு பாவனை வேணும், அடுப்பை அணைச்சோமான்னு திடீர்னு ஞாபகம் வந்த மாதிரி. அந்த ஒரு பாவனை மட்டும் எனக்கு முதல் தடவையே வந்துருச்சு. செயலாளர் பாராட்டினார்.

இவருக்கு எதுவும் வரலை. குலுக்கிட்டுக் கையை எடுத்தா நோட்டு இவர் கையோடவே வந்துச்சு. உதறினா விழலை. செயலாளர் ஒரு டப்பா பவுடரைக் கொண்டுவந்து கொட்டினார். கொஞ்ச நேரத்துல வியர்வையும் பவுடரும் கலந்து மாவு பிசைஞ்ச கையா ஆயிடுச்சு. மரக் கை இவர் கையை விடமாட்டேன்னுடுச்சு. நாங்க மூணு பேரும் சேர்ந்து இழுத்ததுல மரக் கையோட கட்டைவிரல் தனியா வந்துச்சு. "இதற்கும் தனியே வருத்தம் தெரிவிக்க வேண்டும், அது வேறு வகுப்பு"ன்னார் செயலாளர்.

சனிக்கிழமை காலையிலதான் வேட்டை. அதுவும் ஒரு மணி நேரம். வழிகாட்டி வந்து நின்னார். நெட்டையா, வெயில்ல கறுத்த முகம், தலையில பழைய தொப்பி, கழுத்துல விசில். அதிகம் பேசலை. இலையை விலக்கிவிட்டு நடந்தார், நாங்க பின்னாடி போனோம்.

துப்பாக்கி இவர் கையில நிக்கலை. சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. புதருக்குப் பின்னாலேருந்து ஒரு காட்டுப்பன்றி வந்து நின்னு எங்களைப் பார்த்துச்சு. நல்ல கொழுத்த பன்றி. நாங்களும் பார்த்தோம். இவர் துப்பாக்கியைத் தூக்கினார், அது காலடியில விழுந்துச்சு. பன்றி ஒரு கொட்டாவி விட்டுட்டு நிதானமா போயிடுச்சு.

"ஓடக்கூட இல்லையே"ன்னேன்.

"எதுக்கும்மா ஓடணும்? நான் இங்க வந்த நாளா யாரும் எதையும் சுட்டதில்லை. எல்லாரும் கை குலுக்கத்தான் வர்றாங்க"ன்னார் வழிகாட்டி.

திரும்பி வர்ற வழியில ஒரு குட்டை. கையைக் கழுவலாம்னு இவர் குனிஞ்சார், மூக்குக் கண்ணாடி தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. கண்ணாடி இல்லைன்னா இவருக்கு எழுத்தும் ஒண்ணுதான், எறும்பும் ஒண்ணுதான். திங்கட்கிழமை போய் எதைத் திருத்துவார்? புதுசு வாங்க எங்க போவோம்?

வழிகாட்டி விசிலைக் கழட்டி என் கையில குடுத்துட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினார். கழுத்து வரைக்கும் சேறு. காலால தடவித் தடவி, ரொம்ப நேரம் தேடினார். கடைசியில மூழ்கி எடுத்துட்டு வந்தார். நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, இவர் சட்டையோட உலர்ந்த ஓரத்துல துடைச்சு, இவர் மூக்கு மேல அவரே மாட்டிவிட்டார்.

இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ரொம்ப நன்றிங்க"ன்னார்.

வழிகாட்டி பதறிப் போய் சுத்தும் முத்தும் பார்த்தார். "சார், மெதுவா! இங்க சொல்லாதீங்க. சாயங்காலம் கூடத்துல, முறைப்படி. முறைதவறி நன்றி வாங்கினான்னு என்னைச் சாக்கடை அள்ளப் போட்டுருவாங்க."

"ஒரு வார்த்தைதானேங்க சொன்னேன்."

"வார்த்தையிலதான் சார் எல்லாம் ஆரம்பிக்கும்."

சாயங்காலம் கூடத்துல கழகத்துக்காரங்க, மத்த விருந்தினர்கள்னு எல்லாரும் கூடினாங்க. எங்களுக்கு முன்னாடி ஒரு விருந்தினர். தொடுவானத்தைப் பார்த்துக்கிட்டே வந்து வழிகாட்டியோட கை குலுக்கிட்டு, அப்படியே தொடுவானத்தைப் பார்த்துக்கிட்டே போய் தூண்ல முட்டிக்கிட்டார். எல்லாரும் மெல்லத் தலையாட்டினாங்க. வழிகாட்டி வாங்கின நோட்டைப் பையில வைக்கலை. வைக்கக் கூடாதாம். வெச்சா ஆசைன்னு அர்த்தமாம். எல்லாரும் குடுத்து முடிக்கிற வரைக்கும் மடிச்ச கையிலயே வெச்சிருக்கணும்.

அடுத்தது இவர். பாவம், எவ்வளவு ஆசையா போனார் தெரியுமா? அந்த மனுஷனுக்கு எப்படியாவது நன்றியைச் சேர்த்துடணும்னு, சட்டையில கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு உலர்த்திக்கிட்டுப் போனார். குலுக்கினார். சத்தமே வரலை. முகத்துல அந்த அடுப்பு பாவனைகூட வந்துருச்சு. கையை எடுத்தார்.

இவர் உள்ளங்கையில ரெண்டு நோட்டு. வழிகாட்டி கையில ஒண்ணுமில்லை.

செயலாளர் கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள்ள விதிகள் ஓடறது இமைக்கு மேலயே தெரிஞ்சுது. "நன்றி நெறியின் முதல் விதி: வாங்குபவர் பணியாளர், தருபவர் விருந்தினர். இக்கணம் முதல் விருந்தினராக வந்தவர் வழிகாட்டி. வழிகாட்டியாக இருந்தவர் விருந்தினர்."

"ஐயோ, ஒட்டிக்கிச்சுங்க! திருப்பிக் குடுத்துடறேன்"னார் இவர்.

"வாங்கியதைத் திருப்புவது நன்றிகேடு. அது இரண்டாம் விதி."

"அப்ப நான் யாருங்க?"ன்னு கேட்டேன்.

செயலாளர் மறுபடி கண்ணை மூடினார். "தாங்கள் விருந்தினரின் துணைவியாராக வந்தவர். விருந்தினர் இப்போது..."ன்னு ஆரம்பிச்சு வழிகாட்டி பக்கம் கையைக் காட்டினார். அந்த மனுஷன் பயந்துபோய் ரெண்டு எட்டு பின்னால போனார். நான் மேஜை மேல இருந்த தண்ணி ஜாடியைக் கையில எடுத்தேன். கண்ணை மூடியிருந்தாலும் செயலாளருக்கு அது தெரிஞ்சிருக்கணும். "...தனி விருந்தினர் என்று கொள்வோம்"னு முடிச்சுட்டார்.

அங்கேயே தொப்பியையும் விசிலையும் கழட்டி இவருக்கு மாட்டினாங்க. வழிகாட்டிக்கு எங்க அறையில இருந்த பஞ்சு அங்கியைப் போர்த்தினாங்க. இவர் ஒரு விருந்தினருக்கு வழிகாட்டி, முறையா அன்பளிப்பு வாங்கினாத்தான் இந்த விவகாரம் தீரும்னார் செயலாளர். மறுநாள் காலையில கழகத்தோட தலைவரே வர்றாராம், அவரோட போகணும்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "இந்தாங்க, இவருக்கு நாளன்னைக்குக் காலையில வேலை. எட்டு மாசம் கழிச்சுக் கிடைச்ச வேலை. போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. கேட்டைத் திறங்க."

"நன்றி நிலுவையில் உள்ள எவரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை அம்மா. போன வருடம் ஒருவர் தேநீருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார். இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். நலமாக இருக்கிறார்."

ஜன்னல் வழியா பார்த்தேன். ஒருத்தர் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஞாயித்துக்கிழமை காலையில தலைவர் வந்தார். பெரிய உடம்பு. வலது கையைப் பட்டுத் துணியில தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எலும்பு முறிஞ்சிருக்கோன்னு கேட்டேன். இல்லையாம், குடுக்கிற கையாம், வீணா அசங்கக் கூடாதாம். சாப்பாடு, பல் தேய்க்கறது எல்லாம் இடது கையாலதானாம்.

தலைவர் இவர் முகத்தைப் பார்க்கலை. தொப்பியைப் பார்த்து, "நட"ன்னார். நானும் தனி விருந்தினர்ங்கிற உரிமையில பின்னாடியே போனேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவுலயே வழி தெரியாது. காட்டுல என்ன செய்வார்? தனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சார். இடது ஓரத்துலேருந்து நேரா வலது ஓரம் வரைக்கும் நடந்தார். அங்க நின்னு திரும்பி வந்து, ரெண்டடி கீழ தள்ளி, மறுபடி இடதுலேருந்து வலது. பக்கத்தைப் படிக்கிற மாதிரி காட்டைப் படிச்சார். நடுவுல ஒரு செடி தள்ளி முளைச்சிருந்தா நின்னு முறைச்சுட்டுத்தான் போனார்.

"அற்புதம். இத்தனை ஒழுங்கான வேட்டையை நான் கண்டதில்லை"ன்னார் தலைவர், மூச்சு வாங்கிக்கிட்டே.

கடைசி வரி முடியிற இடத்துல பன்றி படுத்திருந்துச்சு. அதே கொழுத்த பன்றி. எழுந்து நின்னு எங்களைப் பார்த்துச்சு. அது வேற ஒண்ணும் பண்ணலை, சத்தியமா. தலைவர் "அம்மா!"ன்னு ஒரு கத்து கத்தினார். அடுத்த நிமிஷம் அவர் இவரோட தோள் மேல உட்கார்ந்திருந்தார். எப்படி ஏறினார்னு எனக்குத் தெரியாது. பட்டுத் தொட்டில் அவிழ்ந்து இவர் கண்ணை மறைச்சுக்கிட்டுத் தொங்குது. இவர் தள்ளாடிக்கிட்டே காட்டைக் கீழேருந்து மேல வரைக்கும் மறுபடி படிச்சு, அந்த மலையைச் சுமந்துக்கிட்டு விடுதி வந்து சேர்ந்தார். பன்றி பாதி வழி வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பி வெச்சுது.

மத்தியானம் விழா. சாயங்காலத்தோட ஊருக்குப் போற கடைசி பஸ் போயிடும். நான் ஜன்னலையும் தலைவரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரமே இல்லாம பேசினார்.

"அன்பர்களே! என் வாழ்நாளில் ஒரு பணியாளனின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் அவன் கூச்சப்படுவானே என்ற கருணை. ஒருவன் பெயரையும் கேட்டதில்லை. கேட்டால் நினைவில் வைக்க வேண்டிவரும், அது அவனுக்குச் சுமை. இன்று என்னை ஒரு தோள் சுமந்தது. யாருடைய தோள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நம் பண்பாடு."

கைதட்டல். இவர் தொப்பியோட நடுவுல நின்னார். தோள்ல வலி, முகத்துலயே தெரிஞ்சுது. வாங்கிட்டா விட்டுருவாங்கன்னு நான் கண்ணாலயே ஜாடை காட்டினேன். அன்பளிப்பை மூணு தடவை மறுக்கணும், அப்புறம் வாங்கிக்கணும். அதுதான் முறை. இவருக்கு அது நல்லாப் பழக்கம்தானே, வாராவாரம் செஞ்சதுதானே.

தலைவர் கை குலுக்கறதில்லையாம். பையில சொருகற உரிமை கழகத்துலயே அவருக்கு மட்டும்தானாம். நோட்டை நாலா மடிச்சு நீட்டினார்.

"வேண்டாம்ங்க"ன்னார் இவர். கூட்டம் தலையாட்டிச்சு.

"வேண்டாம்ங்க." செயலாளர் புன்னகைச்சார்.

"வேண்டாம்ங்க." குரல் உள்ள போயிடுச்சு. தலைவர் தொடுவானத்தைப் பார்த்துக்கிட்டே நோட்டை இவர் சட்டைப் பையில சொருகினார். சொருகிட்டு, அந்தப் பையை ரெண்டு தட்டு தட்டினார்.

இவர் காது சிவந்ததைப் பார்த்தேன். கையைப் பைக்குள்ள விட்டு நோட்டை வெளிய எடுத்தார்.

"வேண்டாம்"னார்.

நாலாவது வேண்டாம். "ங்க" கூட இல்லை. கைதட்டத் தூக்கின கையெல்லாம் அப்படியே நின்னுச்சு. செயலாளர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். உள்ள ஒண்ணும் இல்லைபோல. "நான்காவது மறுப்புக்கு... விதி... இதுவரை யாரும்..."னு திக்கினார்.

இவர் நோட்டைத் திருப்பிக் குடுக்கக் கையை நீட்டினார். அது கையை விட்டு வந்தாத்தானே! உதறினார், வரலை. சுவர்ல தேய்ச்சார். சுவர்ல இருந்த ஒரு சுண்ணாம்புக் கையில போய் அது ஒட்டிக்கிச்சு.

கூட்டத்துல யாரோ மூச்சை இழுத்தாங்க. "அது நிறுவனரின் கை!"ன்னார் செயலாளர், பேயறைஞ்ச மாதிரி.

"என் அப்பாவா?"ன்னார் தலைவர்.

"வாங்குபவர் பணியாளர்..."னு செயலாளர் வாயிலேருந்து தானா வந்துருச்சு. பழக்கதோஷம். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில அவரோட கையுறையே கழண்டுருச்சு. இப்போ பணியாளர் ஆயிட்ட நிறுவனரை எந்த வேலையில போடறதுன்னு ஒரு மூலையில விவாதமே ஆரம்பிச்சுடுச்சு.

"உனக்கு என்னதான் வேண்டும்? இன்னும் வேண்டுமா?"ன்னு தலைவர் தொப்பியைப் பார்த்துக் கத்தினார்.

"ஒண்ணும் வேண்டாம். தோள் வலிக்குது. 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் போயிடுவேன்."

தலைவர் வாயைத் திறந்தார். "ந..."ன்னார். முகம் வேர்த்துச்சு. "ந... ந..." செயலாளர் ஓடிவந்து முதுகைத் தடவினார். "தலைவர் அதை ஒருபோதும் வாய்மொழியாகச் சொன்னதில்லை. கையால்தான் பழக்கம். கொஞ்சம் அவகாசம் தாருங்கள்"னு எங்ககிட்ட கெஞ்சினார். அவருக்கே அப்பத்தான் உறைச்சிருக்கணும், நன்றி நிலுவை இப்போ தலைவர் பேர்ல. கண்ணை மூடிக்கிட்டே காவலாளியைக் கூப்பிட்டார். "பெரிய வாசலைப் பூட்டு. தலைவர் இங்கேயே தங்குகிறார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. பெரிய கேட்டுல ஆள் நிக்குது.

அப்போ மாடியிலேருந்து ஒரு குரல். "சார்! இங்க சார்!" பழைய வழிகாட்டி. பஞ்சு அங்கியைப் போட்டுக்கிட்டு, கையில ஒரு ஆப்பிளோட பால்கனியில நிக்கறார். ஒரே ராத்திரியில கன்னத்துல சதை போட்ட மாதிரி இருந்தார். "சமையல் கட்டுக்குப் பின்னாடி போங்க சார். வேலைக்காரங்க வழி. அதுக்குக் கேட்டே கிடையாது. எங்களை யாரு பூட்டி வைக்கப் போறாங்க?"

ஓடினோம். அங்க கேட்டு இல்லைதான். ஆனா செயலாளர் குறுக்கு வழியில வந்து கையை விரிச்சுக்கிட்டு நின்னார். விதின்னா அந்த மனுஷனுக்கு உயிர். "இவர் பணியாளர், போகலாம். தாங்கள் விருந்தினர் அம்மா. விருந்தினர் இவ்வழியே போக முடியாது."

"நீங்க மட்டும் போங்க. வேலை முக்கியம். என்னை அந்தச் செடிக்காரரோட சேர்த்துடட்டும்"னேன். கோபத்துல சொன்னேன், சொல்றப்பவே அழுகை வந்துருச்சு.

இவர் போகலை. நின்னு யோசிச்சார். பஸ்ஸுக்குன்னு வெச்சிருந்த நோட்டை எடுத்தார், மடிச்சு உள்ளங்கையில வெச்சு, என் பக்கம் கையை நீட்டினார்.

"என்ன இது?"ன்னார் செயலாளர்.

"அன்பளிப்பு. இந்தத் தொப்பி தலையில இருக்கிற வரைக்கும் நான் பணியாளர்தான். வாங்கினா இவங்களும் பணியாளர்தானே?"

"எந்தப் பணிக்கு? பணியைச் சொல்லாமல் அன்பளிப்பு செல்லாது."

இவர் தொடுவானத்தைப் பார்க்கலை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "எட்டு மாசமா தினமும் வேலை தேடிட்டு வீட்டுக்கு வருவேன். இன்னிக்கு என்னாச்சுன்னு இவங்க ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கதவைத் திறந்து, சாப்பிடறீங்களான்னுதான் கேட்பாங்க. அதுக்கு."

கேட்கக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தது எனக்குத்தான் தெரியும். அது இவருக்கும் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஆனாலும் பஸ் நினைப்பு விடலை. "வேண்டாம் வேண்டாம் வேண்டாம்"னு மூச்சு விடாம மூணையும் சொல்லிட்டு அந்த ஈரக் கையைப் பிடிச்சேன். நோட்டு வரலை. நகத்தால உரிச்சு எடுத்துக்கிட்டேன். செயலாளர் கண்ணை மூடி உதட்டை அசைச்சார். அப்புறம் ஒதுங்கி வழி விட்டார்.

போறதுக்கு முன்னாடி இவர் தொப்பியையும் விசிலையும் கழட்டினார். முந்தின நாள் கையோட வந்த ரெண்டு நோட்டையும் தொப்பிக்குள்ள வெச்சு, பழைய வழிகாட்டி வந்து நின்ன பின்பக்கத்துப் பால்கனிக்குத் தூக்கிப் போட்டார். தொப்பியைத் திருப்பித் தர்றதுக்கு அவங்க விதி எதுவும் போட்டு வைக்கலை. "கண்ணாடி எடுத்துக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க!"ன்னு சத்தமா கத்தினார்.

"அட, இருக்கட்டும் சார்!"னார் அவர், வாயில ஆப்பிளோட. "நீங்க வரலையா?"ன்னு நான் கேட்டேன். "எனக்கென்னம்மா அவசரம்? விருந்தினரா இருக்கேன். யாருக்கும் நன்றி சொல்றதா உத்தேசம் இல்லை"ன்னு சிரிச்சார்.

பஸ் கிடைச்சுது. திங்கட்கிழமை இவர் வேலையில சேர்ந்தார். முதல் நாளே ஒரு கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையோட அப்பாவைக் காப்பாத்தினாராம், அவர் பேர் பெண் வீட்டுப் பக்கம் போயிருந்துச்சாம். தலைவர் இன்னும் அந்த விடுதியிலதான் இருக்கார்னு கேள்வி. காலையிலயும் சாயங்காலமும் செயலாளர் எதிர்ல உட்கார்ந்து பயிற்சி குடுக்கறாராம். "ந" நல்லா வருதாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வந்தார். விடுதி எப்படி இருந்துச்சுன்னு கேட்டார், நல்ல காத்துன்னோம். டீ போட்டுக் குடுத்தேன். பாதி டீயிலயே பழக்கத்துல நோட்டை எடுத்து நாலா மடிச்சார்.

"வேண்டாம் மச்சான்."

"அட, இருக்கட்டும் மாப்பிள்ளை."

"வேண்டாம் மச்சான்."

"முதல் சம்பளம் வர்ற வரைக்கும் வேணுமில்ல?"

"வேண்டாம் மச்சான்." அண்ணன் சொருகிட்டார். தட்டறதுக்குக் கையைத் தூக்கினார்.

இவர் அந்தக் கையைப் பாதியிலயே பிடிச்சார். பையிலேருந்து நோட்டை எடுத்து, அண்ணன் உள்ளங்கையில வெச்சு, விரலை மடக்கி அழுத்தி மூடினார். இந்தத் தடவை அது ஒட்டிக்கலை. ஏன்னு கேட்காதீங்க, எனக்கும் தெரியாது.

"இந்த எட்டு மாசத்துக்கும் ரொம்ப நன்றி மச்சான். இனிமே வேண்டாம்"னார்.

அண்ணன் அந்த நோட்டைத் தன்னோட பையில வைக்கப் பார்த்தார். கை சட்டையில அங்கயும் இங்கயும் தடவுது. அத்தனை நாள் அடுத்தவங்க பையிலயே போட்டுப் பழகின கை, தன் பை எந்தப் பக்கம் இருக்குன்னு அதுக்குத் தெரியலை.

"டீ ஆறுது மச்சான், குடிங்க"ன்னார் இவர்.